மணப்பெண் தாண்டாத கணவாய் திறந்தே இருந்தது

உலகத்தில் பனியை வென்றவர்கள் இருவர்தான். ஒருவர் சூரியன். மற்றவர் போரன்லி மாவட்டக் குளிர்காலப் போராட்டத் துறையின் இயக்குநர் திரு. ஃபிக்ரெத். சூரியனுக்கு அந்த வேலையை முடிக்க மே மாதம் வரை அவகாசம் வேண்டும். ஃபிக்ரெத்துக்கு ஒரு கையெழுத்து போதும்.

பதவியேற்ற முதல் குளிர்காலத்திலேயே 'மூடப்பட்ட பாதை' என்ற சொல்லை மாவட்டத்தின் எல்லாக் கோப்புகளிலிருந்தும் அவர் நீக்கினார். அதுவரை அந்த மலைகளில் பனி விழுவதும் பாதை மூடுவதும், மாடு கன்று போடுவதைப் போல, யாரிடமும் அனுமதி கேட்காமல் நடந்துவந்தன. இந்த ஒழுங்கீனம் அவருக்குப் பிடிக்கவில்லை. இனிமேல் பாதையின் மீது பனி 'தங்கலாம்'. பனி 'செறிவடையலாம்'. பயணம் 'ஓய்வெடுக்கலாம்'. பாதை மூடுவது மட்டும் கூடாது. துறையின் அலுவலகச் சுவரில் ஒரு பெரிய வரைபடம் உண்டு. ஒவ்வொரு பாதைக்கும் இரண்டு சிறு விளக்குகள்: திறந்திருந்தால் பச்சை எரியும், மூடினால் சிவப்பு. ஃபிக்ரெத் சிவப்பு விளக்குகளை எல்லாம் கழற்றி, புத்தாண்டு அலங்காரத்துக்கு ஆகட்டும் என்று நகராட்சிக்குக் கொடுத்துவிட்டார். அன்று முதல் போரன்லியில் ஒரு பாதையும் மூடியதில்லை. தலைநகர் அங்காராவிலிருந்து பாராட்டு வந்தது. அதுவும் இணையத்தில் வந்தது. தபால் வண்டி அப்போது ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது.

இந்தப் பெருமையில் ஹாஜி நுஸ்ரெத்துக்கு ஒரு பங்கு உண்டு. ஃபிக்ரெத் அவருடைய மனைவி பெரிஹானின் அண்ணன் மகன். மருமகன் முறை. தொழுகை முடிந்து வெளியே வரும்போது, யாரும் கேட்காமலேயே, "நம்ம பையன்தான் இந்த மாவட்டத்துப் பாதையை எல்லாம் திறந்து வெச்சிருக்கான்" என்று ஹாஜியார் நாலு பேர் காதில் விழும்படி சொல்வார். இடுப்பளவு பனியில் நின்றபடி நாலு பேரும் தலையாட்டுவார்கள்.

ஹாஜியாரின் குடும்பமும் சாமானியமானதல்ல. எல்லோரும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு காலத்தில் சட்டம் வந்தபோது, அக்கம்பக்கத்தில் அவனவன் சிங்கம் என்றும் இரும்பு என்றும் பாறை என்றும் எழுதிக்கொண்டான். நுஸ்ரெத்தின் தாத்தா மட்டும் 'திறந்தகதவு' என்று எழுதச் சொன்னார். கணவாய்க்குக் கீழே கடைசி ஊர் அவர்களுடையது. 'மணப்பெண் தாண்டாத கணவாய்' என்று அந்தக் கணவாய்க்குப் பெயர் வந்ததற்குக் காரணம் சொல்லவே வேண்டாம். வழிதப்பி வருகிறவன் முதலில் தட்டுவது அவர்கள் வீட்டுக் கதவைத்தான். தட்டவும் வேண்டியதில்லை. விருந்தாளிகளின் அறைக்கு அவர்கள் தாழ்ப்பாளே வைத்ததில்லை. கனத்த வாதுமைப் பலகைக் கதவு. அதன் நான்கு மூலையிலும் கயிறு அறுத்த தழும்புகள் இருக்கும். அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

அந்த வீட்டுக்கென்று சில விதிகள் உண்டு. வந்தவரை மூன்று நாளைக்கு 'எதற்கு வந்தீர்கள், எப்போது கிளம்புகிறீர்கள்' என்று கேட்கக் கூடாது. வந்தவருடைய பொருளைத் தொடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, காலணி விதி. விருந்தாளி உள்ளே வந்ததும் அவருடைய காலணியை வீட்டார் துடைத்து, நுனி வீட்டுக்குள் பார்க்கும்படி வைப்பார்கள். விருந்தாளியே எழுந்து "உத்தரவு கொடுங்க" என்று சொன்ன பிறகுதான் அது வாசல் பக்கம் திரும்பும். அவர் சொல்லாமல் திருப்புவது, பிடரியைப் பிடித்து வெளியே தள்ளுவதற்குச் சமம். நுஸ்ரெத்தின் அப்பா காலத்தில் ஒரு வரி வசூல்காரர் முதல் பனிக்கு வந்து, பனி உருகும் வரை தங்கி, இரண்டு எருதுகளைத் தின்று தீர்த்தார். போகும்போது பாக்கி வரியையும் வாங்கிக்கொண்டு போனார். அவருடைய காலணிகூட வசந்தம் வரை உள்ளேதான் பார்த்துக்கொண்டிருந்தது. அதுதான் குடும்பம்.

ஜனவரிக் கடைசியில் அந்தப் புயல் வந்தது. வந்த அன்று காலையில் ஃபிக்ரெத் கணவாயின் உச்சிக்குக் கிளம்பியிருந்தார். 'குளிர்காலம் எங்கள் கட்டுப்பாட்டில்' என்று அங்கே நின்று சொல்லி ஒரு காணொளி எடுப்பதாகத் திட்டம். முன்னால் பனி வாரும் வண்டி, அடுத்து இயக்குநரின் வண்டி, அதில் செய்திப் பிரிவு அதிகாரி நெர்மின். இவர்களுக்குப் பின்னால் ஒரு பயணிகள் பேருந்து வந்தது. அதை யாரும் அழைக்கவில்லை. பாதை திறந்திருக்கிறது என்று துறை சொன்னதை அந்த ஓட்டுநர் நம்பிவிட்டார், அவ்வளவுதான்.

நடுமலையில் புயல் பிடித்துக்கொண்டது. பனி வாரும் வண்டி மூக்குக் குப்புறப் பள்ளத்தில் இறங்கி, சற்று நேரத்தில் முழுக்க மூடிப்போனது. அதன் தலைவிளக்கு மட்டும் பனிக்கு அடியிலிருந்து மஞ்சளாக மினுக்கிக்கொண்டிருந்தது. துறை இன்னும் பணியில்தான் இருக்கிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஊர் ஆண்களைக் கூட்டிக்கொண்டு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, ஹாஜி நுஸ்ரெத் போய் அத்தனை பேரையும் வீடு சேர்த்தார். அந்த வயதிலும் முதுகு வளையாமல் முன்னால் நடந்தவர் அவர். மற்ற வீட்டுக்காரர்கள் வழியிலேயே கெஞ்சினார்கள்: ஆளுக்கு இரண்டு விருந்தாளிகளையாவது பிரித்துக் கொடுங்கள், எங்களுக்கும் பேர் வேண்டாமா என்று. ஹாஜியார் பெருந்தன்மை உள்ளவர். பேருந்தின் பின்பக்கம் ஏற்றியிருந்த இரண்டு ஆடுகளை அவர்களுக்குக் கொடுத்தார்.

விருந்தறையில் யாரை எங்கே உட்காரவைப்பது என்பது அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கணப்பை ஒட்டிய தலைமூலையில் ஃபிக்ரெத்தை உட்காரவைத்து, முதுகுக்கு இரண்டு திண்டு கொடுத்தார். அடுத்து நெர்மின். பிறகு வயதுப்படி பயணிகள். கடைசியாக, வாசலோரம், காலணிகளுக்குப் பக்கத்தில், செலாமி. அவர் மேளக்காரர். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வாசிக்கப் போய்க்கொண்டிருந்தவர். திறந்தகதவு வீட்டில் மேளக்காரருக்கும் கஞ்சி உண்டு. ஆனால் தலைமூலை கிடையாது.

செலாமி வருத்தப்படவில்லை. "கல்யாண வீட்லயே மேளக்காரன் எடம் வாசல்தான் ஹாஜியாரே. மேளத்தை மட்டும் கணப்போரம் வெச்சிடுங்க. அதுக்குக் குளிர் ஆகாது. எனக்குப் பழக்கம்."

கேட்டது நியாயமாக இருந்ததால், மேளம் இயக்குநருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

கைபேசிக் கோபுரம் உறைந்துபோய், எல்லோருடைய கைபேசியும் மணி பார்க்க மட்டும் பயன்பட்டது. பேசக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: ஃபிக்ரெத்திடம் இருந்த துறையின் செயற்கைக்கோள் தொலைபேசி. அதைக் கையில் பிடித்தபடி, பெரிஹான் கொடுத்த தேநீரைச் சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு உறிஞ்சியபடி, அந்த மூலையிலிருந்தே அவர் மாவட்டம் முழுவதையும் நடத்தினார். தான் எங்கே இருக்கிறோம் என்பதை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் அது 'தவறான புரிதலுக்கு' இடம் கொடுக்கும்.

நாலா பக்கத்திலிருந்தும் செய்தி வந்தது. வடக்கே ஒரு பள்ளிக்கூடத்தின் கூரை பனிச் சுமையில் உட்கார்ந்துவிட்டது. கல்வி தொடர்கிறது, மாணவர்கள்தான் வரவில்லை என்று பதிவாயிற்று. கிழக்கே ஊர் ஊராக மின்சாரம் இல்லை. 'வான்நோக்குவதற்கு ஏற்ற சூழல்' என்று பதிவாயிற்று. ரொட்டி வண்டி எங்கேயும் போகவில்லை. 'வீட்டு அடுப்பு மறுமலர்ச்சி'. ஒரு ரயில் வயல்வெளியில் நின்றுவிட்டது. பயணிகளுக்கு அது வழக்கத்தைவிட அதிக நேரம் சேவை செய்ததாக எழுதச் சொன்னார். தெற்கே ஓர் ஊரில் இறந்துபோனவரைப் புதைக்க மண் வெட்ட முடியாமல், பள்ளிவாசல் முற்றத்துப் பனியிலேயே வைத்திருந்தார்கள். ஃபிக்ரெத் சற்று யோசித்து, "அவருக்கு அவசரம் ஒண்ணும் இல்லைல்ல?" என்று கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார்.

கடைசியாக அலுவலக ஊழியர் ஒருவரே அழைத்தார்.

"திறந்த பாதை எத்தனைப்பா?" என்றார் ஃபிக்ரெத்.

"எல்லாமே ஐயா."

"அப்புறம் எதுக்குக் கூப்பிடுற?"

"நான் ஆபீசுக்கு வெளிய நிக்கிறேன் ஐயா. கதவைத் திறக்க முடியல. உள்ள இருக்கிறவங்களாலயும் முடியல."

கதவு துறையின் பொறுப்பில் வராது, அது கட்டடப் பிரிவு என்று ஃபிக்ரெத் விளக்கினார்.

மாலையில் வானொலிக்காரர்கள் நேர்காணல் கேட்டார்கள். நெர்மின் ஏற்பாடு செய்தாள். இயக்குநர் கணவாயின் உச்சியில் நின்று பேசுகிறார் என்று அறிவிப்பாயிற்று. ஆனால் உச்சியில் நிற்கிறவர் பின்னால் வண்டிச் சத்தம் கேட்க வேண்டாமா? நெர்மின் தயங்கித் தயங்கிச் சொன்னதும் ஃபிக்ரெத்தின் பார்வை மேளத்தின் மேல் விழுந்தது. செலாமியை முதல் முறையாகத் தலைமூலைக்குக் கூப்பிட்டார்கள். அவர் மேளத்தை மடியில் சாய்த்து, விரல் நுனியால் உருட்டினார். லாரி ஒன்று மேடு ஏறியது. தடித்த குச்சியால் இரண்டு தட்டு, கியர் மாற்றியது. வாயாலேயே ஒலிப்பான் அடித்தார். போக்குவரத்து சீராக இருப்பதாக ஃபிக்ரெத் சொல்லச் சொல்ல, கணப்போரத்தில் ஒரு நெடுஞ்சாலையே ஓடியது.

"வண்டிகள் போவதை நேயர்கள் காதாலேயே கேட்கலாம்" என்று அறிவிப்பாளர் நெகிழ்ந்தார்.

தொலைபேசியை வைத்ததும் அறையே சிரித்தது. ஹாஜியாரும் மீசைக்குள் சிரித்தார். "லாரி போதுமா ஐயா? இன்னும் ரெண்டு பஸ் விடட்டுமா?" என்று கேட்டபடியே செலாமி வாசலோரத்துக்குத் திரும்பினார். அந்தச் சத்தத்தை நம்பி அன்றிரவு எத்தனை பேர் வீட்டிலிருந்து கிளம்பினார்கள் என்று துறையிடம் கணக்கு இல்லை. திறந்த பாதையில் போகிறவர்களை யார் எண்ணிக்கொண்டிருப்பார்கள்?

மறுநாள் காலை செலாமி கஞ்சியைத் தொடவில்லை. முழங்காலை வயிற்றோடு சேர்த்துச் சுருண்டு கிடந்தார். என்ன என்று கேட்டதற்கு, "உள்ள யாரோ மேளம் அடிக்கிறான் பெரியம்மா. தாளம் தெரியாத பய" என்றார். உதடு காய்ந்திருந்தது. பெரிஹான் அவருடைய வயிற்றின் வலது பக்கம் கையை வைத்து அழுத்தினாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். கையை எடுத்தபோதுதான் அலறினார்.

பெரிஹான் எழுந்தாள். கையைத் துடைக்காமலே நேரே தலைமூலைக்குப் போனாள்.

"ஃபிக்ரெத். வலது பக்கம். அழுத்தறப்போ இல்ல, விடறப்போ வலிக்குது."

"பயணக் களைப்பா இருக்கும் அத்தை."

"உன் அண்ணன் இஸ்மெத்துக்கும் இதே எடத்துலதான் வலிச்சுது. இதே அறையில."

ஊர்க்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஃபிக்ரெத் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், இப்படியொரு புயலில், அத்தை வீட்டுக்கு வந்த அவருடைய அண்ணனுக்குக் குடல்வால் வீங்கி வெடித்தது. அவன் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. அவ்வளவுதான் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் ஹாஜியார் யாரையும் பேச விட்டதில்லை.

ஃபிக்ரெத் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அதில் பாசாங்கு இல்லை.

"மறப்பேனா அத்தை? அன்னைக்குத்தான் சத்தியம் பண்ணினேன். நான் பெரியவன் ஆனா இந்த மாவட்டத்துல ஒரு பாதைகூட மூடியிருக்காதுன்னு. இன்னைக்கு வரைக்கும் காப்பாத்திட்டு வர்றேன்."

ஹாஜி நுஸ்ரெத் அருகில் வந்து, ஆஸ்பத்திரியில் இருக்கும் சங்கிலிச் சக்கர ஆம்புலன்ஸை அழைத்தால் என்ன என்று மரியாதையாகவே கேட்டார். பனியின் மேலேயே ஊர்ந்து வருகிற வண்டி அது, துறையே வாங்கியது, வாங்கிய அன்று ரிப்பன் வெட்டிய படம் இவர் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. ஃபிக்ரெத் பொறுமையாக விளக்கினார். சங்கிலி வண்டி மூடிய பாதைக்கு மட்டுமே போகலாம் என்பது விதி. மாவட்டத்தில் மூடிய பாதை கிடையாது. ஆகவே வாங்கிய நாளிலிருந்து அது கொட்டகையில், ஒரு கீறல்கூட விழாமல், புதிதாகவே இருக்கிறது. திறந்த பாதைக்குச் சாதாரண ஆம்புலன்ஸ்தான் வரும். அதை இப்போதே அனுப்பச் சொல்கிறேன்.

சொன்னபடி அனுப்பச் சொன்னார். ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது என்று பதில் வந்தது. நண்பகலுக்கு மேல் கேட்டபோது வந்துகொண்டே இருக்கிறது என்றார்கள். பிற்பகலிலும் வந்துகொண்டே இருந்தது. ஆஸ்பத்திரி இருக்கும் பட்டணத்து எல்லை தாண்டியதும் பெட்ரோல் நிலையத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி வரை பனியில் புதைந்து, ஆட்கள் இறங்கி நடந்தே திரும்பிவிட்டார்கள் என்று தொலைபேசியிலிருந்து காதில் விழுந்ததை நெர்மின் மெல்லிய குரலில் ஹாஜியாரிடம் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் இயக்குநரின் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

ஹாஜியார் மறுபடியும் தலைமூலைக்குப் போனார். இந்த முறை ஃபிக்ரெத்தின் குரல் சற்று உயர்ந்தது.

"மூணு வருஷமா ஒரு பாதை மூடல மாமா. அடுத்த மாசம் மாகாணத்துக்கே என்னைக் கூப்பிடப் போறாங்க. நம்ம குடும்பத்துக்கு அது பெருமையில்லையா? ஒரு மேளக்காரனுக்காக மாவட்டத்தையே மூடச் சொல்றீங்களா?"

குடும்பப் பெருமை என்ற சொல்லைக் கேட்டால் ஹாஜி நுஸ்ரெத்துக்கு வேறு எதுவும் காதில் விழாது. வெளியே வந்து, ரொட்டி சுடும் தந்தூர் அறைக்குப் போனார். பெரிஹான் அடுப்புக்கு வறட்டி தள்ளிக்கொண்டிருந்தாள். அவர் நிற்பதைப் பார்த்தும் நிமிரவில்லை.

விருந்தாளியின் கையிலிருந்து தொலைபேசியைப் பிடுங்க முடியாது என்று அவர் சொன்னார். மூன்று நாள் ஆகாமல் எப்போது கிளம்புகிறாய் என்று கேட்கவும் முடியாது. அதிலும் அவன் உன் அண்ணன் மகன்.

"அவன் அல்லாஹ் அனுப்பின விருந்தாளி. சரி" என்றாள் பெரிஹான். "வாசலோரம் கிடக்கிற மேளக்காரரை யார் அனுப்பினா?"

அவர் குனிந்து ஒரு வறட்டியை எடுத்து நீட்டினார், அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"ஊருக்கெல்லாம் திறந்தகதவு, திறந்தகதவுன்னு சொல்லிட்டுத் திரியறீங்க. உங்க தாத்தா அதைத் திறந்து வெச்சது ஆள் உள்ள வர்றதுக்கா, பொணம் வெளிய போறதுக்கா? ஒருதரம் போயாச்சு. இதுக்கு மேல அந்தக் கதவு எதுக்கு? எடுத்து அடுப்புல வெச்சிடுங்க. வறட்டியாவது மிச்சமாகும்."

ஹாஜி நுஸ்ரெத் தம் அறைக்குப் போனார். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போடும் கறுப்புக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். தொப்பியைச் சரிசெய்தார். விருந்தறைக்குள் அவர் வந்த தோரணையைப் பார்த்து, யாரோ அதிகாரி வருகிறார் என்று நினைத்துச் சிலர் எழுந்தே நின்றார்கள்.

அவர் காலணிகள் இருந்த இடத்துக்குப் போய்க் குந்தினார். பக்கத்தில் செலாமி கண்ணை மூடிக்கொண்டு முனகிக்கொண்டிருந்தார். இயக்குநரின் காலணி சுலபமாகத் தெரிந்தது. அந்த வரிசையில் பட்டணத்துத் தோல் அது ஒன்றுதான். அதைக் கையில் எடுத்தார். கோட்டுக் கையாலேயே ஒருமுறை துடைத்தார். பிறகு நுனி வாசலைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார். எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

பனி சுழன்றுகொண்டு உள்ளே வந்தது. பட்டணத்தில் வளர்ந்த நெர்மினுக்குப் புரியவில்லை, ஃபிக்ரெத்துக்குப் புரிந்தது. அவர் இந்த ஊர் ரத்தம்.

"மாமா. என்ன இது?"

"ஒண்ணுமில்ல மாப்ள. உங்களுக்கு ஆபீஸ்ல ஏகப்பட்ட வேலை கிடக்கும். நாங்கதான் பிடிச்சு வெச்சிருக்கோம். பாதை திறந்துதான இருக்கு? இருட்டறதுக்குள்ள போய்ச் சேந்துடலாம்."

"வெளிய கண்ணு தெரியல மாமா."

"நேத்து ரேடியோவுல லாரி போற சத்தம் கேட்டுச்சே. ஏதாவது ஒண்ணுல ஏறிக்கலாம்."

நெர்மின் பதறி எழுந்து தன் காலணியைத் தேடினாள். ஹாஜியார் அவளைத் திரும்பிப் பார்த்தார். "நீ உக்காரும்மா. உன் செருப்பு உள்ளதான் பாத்துட்டிருக்கு."

ஃபிக்ரெத்துக்கு மானம் உண்டு. காலணியை மாட்டிக்கொண்டு, தொலைபேசியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி வெளியே நடந்தார். துறையின் நம்பிக்கை அவரை இரண்டு எட்டு சுமந்தது. மூன்றாவது எட்டில் மார்பளவு இறங்கிவிட்டார்.

முன்னும் போக முடியவில்லை, பின்னும் வர முடியவில்லை. அவர் திரும்பிப் பார்த்தபோது வாசலில் மாமா நின்றார். மாமாவின் தோளுக்குப் பின்னால் அத்தை நின்றாள்.

"மூடியிருக்கு மாமா" என்றார் ஃபிக்ரெத்.

"எனக்கு எதுக்கு மாப்ள? போன்ல சொல்லுங்க."

அப்படியாக, திறந்த பாதையின் நடுவில், பனி கழுத்தை நோக்கி ஏறிக்கொண்டிருக்க, இயக்குநர் தம் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தார். ஒலிபெருக்கியை அழுத்திவிட்டதால் வாசலில் இருந்தவர்களுக்கும் கேட்டது. கதவை எப்படியோ திறந்து உள்ளே போயிருந்த அந்த ஊழியர்தான் எடுத்தார்.

"கணவாய் மூடியிருக்கு. சங்கிலி வண்டியை அனுப்பு."

"எது மூடியிருக்குன்னு சொன்னீங்க ஐயா?"

"பாதைடா."

"அதுக்குச் சிவப்பு விளக்குப் போடணும் ஐயா. அதெல்லாம் நகராட்சிகிட்ட இருக்கு."

"விளக்கு இல்லாம அனுப்பு."

"சரிங்க ஐயா. காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன போடறது?"

"பனி."

"பனின்னு இதுல இல்லீங்களே ஐயா. போன வருஷமே எடுத்துடச் சொல்லிட்டீங்க."

ஃபிக்ரெத் அதற்குச் சொன்ன பதில் எந்தக் கோப்பிலும் பதிவாகவில்லை. ஆனால் வண்டி கிளம்பியது. ஹாஜி நுஸ்ரெத் கயிற்றை வீசி, மருமகனைத் தம் கையாலேயே இழுத்து உள்ளே சேர்த்தார். காலணியைக் கழற்றி, உள்ளே அடைந்திருந்த பனியைத் தட்டிக் கொட்டினார். துடைத்தார். மறுபடியும் வாசலைப் பார்க்கும்படியே வைத்தார்.

பிறகு செலாமியைத் தலைமூலைக்கு மாற்றச் சொன்னார். ஆட்கள் தூக்க வந்தபோது அவரே தலைப்பக்கம் பிடித்துக்கொண்டார். கணப்பின் சூடு பட்டதும் செலாமி கண் திறந்து, பக்கத்தில் இருந்த மேளத்தைப் பார்த்தார்.

"பாத்தியா. உனக்கு அப்புறம் எனக்கும் எடம் கிடைச்சிடுச்சு" என்று அதனிடம் சொன்னார்.

இருட்டும் முன் சங்கிலி வண்டி வந்தது. பனியின் மேல் ஒரு தொந்தரவும் இல்லாமல் ஊர்ந்து வந்தது. இத்தனை நாள் அதற்கு வழி தெரியாமல் இல்லை. செலாமியை ஏற்றினார்கள். கூடவே ஃபிக்ரெத்தும் ஏறிக்கொண்டார், ஈரக் காலணியை விட்டுவிட்டு ஹாஜியாரின் கம்பளிக் காலணியைப் போட்டுக்கொண்டு. அன்றிரவே அறுவை முடிந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் மேளம் மட்டும்தான் மிஞ்சியிருக்கும் என்று மருத்துவர் சொன்னாராம். மலைக்கு அந்தப் பக்கத்துக் கல்யாணம் பனி உருகிய பிறகு, மேளத்தோடு நடந்தது.

துறையின் ஆண்டறிக்கை வசந்தத்தில் வந்தது. குளிர்காலம் முழுவதும் மாவட்டத்தின் எல்லாப் பாதைகளும் திறந்தே இருந்தன. ஒரே விதிவிலக்கு: மணப்பெண் தாண்டாத கணவாய், ஒரு பிற்பகல் மட்டும். காரணம்: 'உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் விருந்தோம்பல் குறைபாடு.'

ஃபிக்ரெத்துக்கு மாகாணத் தலைநகரில் பதவி உயர்வு கிடைத்தது. பிரிவுபசார விழாவில், புயலில் பயணிகளைக் காத்ததற்காக ஹாஜி நுஸ்ரெத்துக்கு 'பாதையின் நண்பர்' என்று ஒரு கேடயம் கொடுப்பதாகவும் முடிவாயிற்று. குறைபாடு அறிக்கையில், பாராட்டு மேடையில்; அரசாங்கத்துக்கு இரண்டும் தனித்தனிப் பிரிவு.

ஹாஜியார் அதே கறுப்புக் கோட்டில் வந்தார். கையில் ஒரு துணிப்பை. விருந்தாளியின் பொருளை வைத்துக்கொள்ளும் வழக்கம் அவர் வீட்டில் இல்லை. மெருகேற்றிய அந்தத் தோல் காலணியை எடுத்து, மேடையில் மருமகனின் காலடியில் வைத்தார். எந்தப் பக்கம் பார்க்கும்படி வைத்தார் என்பதை ஃபிக்ரெத் ஒருவர்தான் கவனித்தார். பிறகு பெரியவர் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். அவர் ஒலிவாங்கியின் முன் நிமிர்ந்து நின்று இரண்டு வாக்கியம் பேசினார். கேடயத்தை வாங்கிக்கொள்ளாமல் இறங்கிப் போனார்.

முதல் வாக்கியம் மறுநாள் எல்லாச் செய்திகளிலும் வந்தது: "மணப்பெண் தாண்டாத கணவாய் எப்பவுமே திறந்துதான் இருந்துச்சு." துறை அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, கணவாயின் அடிவாரத்தில் பலகையாகவே நட்டிருக்கிறது. அடுத்த பனி வரை யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாம்.

இரண்டாவது வாக்கியம் இடமில்லாததால் விடுபட்டது. அது இதுதான்:

"இந்த இயக்குநரோட அண்ணன் என் வீட்ல துடிச்சப்பவும் பாதை திறந்திருக்கு, வண்டி வந்துட்டே இருக்குன்னுதான் ஆபீஸ்ல சொன்னாங்க, நம்பிக் காத்திருந்துட்டு, கடைசியில என் வீட்டுக் கதவைக் கழட்டி, அதுல அவனைக் கட்டித் தூக்கிட்டு அந்தப் பாதையில போனோம், கதவு மட்டும் திரும்பி வந்துச்சு."